அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்: எந்த வழியில் எழுதுவது?

அமெரிக்காவில் நகைச்சுவைத் தொடர் எழுத ஆசைப்பட்டவருக்கு 25 வருடங்களுக்கு முன்பு பெரிய குழப்பம் இருந்ததில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடருக்கு மாதிரி எபிசோடு எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். ஏஜென்ட் ஒருவர் அதைப் படித்து, ஷோரன்னர், அதாவது தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளர், ஒருவர் அதற்குச் சிரித்து, தொடரைப் பலர் சேர்ந்து எழுதும் எழுத்தாளர் அறையில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், அங்கிருந்து படிப்படியாக மேலே போகலாம். லண்டனில் இருந்தவர் வீட்டில் உட்கார்ந்து ஆறு எபிசோடு எழுதி பிபிசியின் கதவைத் தட்டினார்.

இன்று அந்தப் படிக்கட்டில் பாதிப் படிகளைக் காணோம். அதே நேரம் புதிய வழிகளும் திறந்திருக்கின்றன. ஒரு தொடருக்கான யோசனையைக் கையில் வைத்திருப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பழைய பாணிப் பெரிய எழுத்தாளர் அறை, ஓடிடி தொடர்களின் சின்ன அறை, தனியாகவோ இருவராகவோ முழுத் தொடரையும் எழுதுவது, சொந்தமாகப் படம்பிடித்து இணையத்தில் போடுவது. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகப் பணத்தையும் பெயரையும் சுதந்திரத்தையும் வைத்து ஒப்பிடுவார்கள். எல்லாம் முக்கியம்தான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. நீங்கள் எழுதிய வரியை முதன்முதலில் கேட்கப்போவது யாருடைய காது?

நகைச்சுவைக்கு மட்டும் இந்தக் கேள்வி ஏன் என்றால், நமக்குத் தோன்றிய ஜோக் நமக்கு எப்போதும் நன்றாகவே இருக்கும். மூன்று வருடம் நான் தனியாக எழுதினேன். நாற்பது பக்கங்களை முதன்முறையாக ஒரு தோழியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிய அன்றுதான், அதுவரை சிரிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தது எது, உண்மையில் சிரிக்க வைப்பது எது என்ற வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடங்களை நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு மாலையில் கற்றது அவற்றைவிட அதிகம்.

பெரிய அறை

அமெரிக்க நகைச்சுவை நடிகர் சிட் சீசர் நடித்த யுவர் ஷோ ஆஃப் ஷோஸ் நிகழ்ச்சி 1950 முதல் 1954 வரை சனிக்கிழமை இரவுகளில் தொண்ணூறு நிமிடம் நேரலையாக ஒளிபரப்பானது. மெல் டோல்கின், லூசில் காலன், மெல் புரூக்ஸ், நீல் சைமன் என்று அதற்கு எழுதியவர்களின் பட்டியல் பெரியது. நடிகர்களில் ஒருவரான கார்ல் ரைனரும் அந்த அறையிலேயே கிடந்தார். வாரா வாரம் ஒன்றரை மணி நேரத்தை நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடிதான் அத்தனை பேரை ஒரே அறைக்குள் கொண்டுவந்தது. பிறகு கார்ல் ரைனர் அந்த அனுபவத்திலிருந்தே, நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதுகிற ஒருவரைக் கதாநாயகனாக்கி 1961-ல் தி டிக் வான் டைக் ஷோவைத் தொடங்கினார். எழுத்தாளர் அறை எப்படி இருக்கும் என்பதை வெளியுலகம் பார்த்தது அதில்தான்.

அந்த அறையின் வேலைமுறை எளிமையானது, ஆனால் இரக்கமில்லாதது. எல்லோரும் சேர்ந்து பலகையில் கதையைக் காட்சி காட்சியாகப் பிரிப்பார்கள். ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய் முதல் வரைவை எழுதி வருவார். அப்புறம் அந்த வரைவை அறை முழுவதும் சேர்ந்து வரி வரியாகத் திருத்தும். பார்வையாளர்கள் முன் பல கேமராக்களில் பதிவாகும் தொடர் என்றால் வாரத் தொடக்கத்தில் நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். சிரிப்பு வராத இடங்களைக் குறித்துக்கொண்டு அன்று இரவே மாற்றுவார்கள். நடுவில் ஒத்திகை, மறுபடி திருத்தம். பதிவு நடக்கும் இரவில்கூட, ஒரு வசனத்துக்கு அரங்கம் சும்மா இருந்தால், எழுத்தாளர்கள் கேமராக்களுக்குப் பின்னால் கூடி நின்று கிசுகிசுத்து வேறு வசனத்தை நடிகர் கையில் கொடுப்பார்கள். கடைசியில் திரையில் உங்கள் பெயர் வரும். ஆனால் வசனங்களில் எத்தனை உங்களுடையவை என்று எண்ணிப் பார்ப்பது நல்லதல்ல.

இந்த அறையில் கிடைக்கும் பயிற்சிக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது யோசனைகள் சொல்கிறீர்கள், நாற்பத்தெட்டு செத்துப்போகிறது, சம்பளம் மட்டும் நிற்காமல் வருகிறது. அந்த அறைகளில் புழங்கும் சொற்களைப் பார்த்தாலே அங்கே என்ன நடக்கிறது என்று புரியும். பல தொடர்களில் பயன்பட்டுத் தேய்ந்துபோன ஜோக்குக்கு கிளாம் என்று பெயர். ‘இது இல்லை, ஆனால் இந்த மாதிரி ஏதாவது’ என்று தற்காலிகமாகச் சொல்லிவைக்கும் வசனம் ஹவுஸ் நம்பர். பார்வையாளருக்குத் தேவையான தகவலை வசனத்துக்குள் சொருகுவதை லேயிங் பைப் என்பார்கள், அதாவது குழாய் பதிப்பது. குழாய் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் கைவேலை. ஒரு சொல்லில் இவ்வளவு பாடம் இருக்கும் இடம் அது.

குறைகளும் உண்டு. இரவு இரண்டு மணிக்குக் களைப்பில் எழும் சிரிப்பு மறுநாள் காலை யாருக்கும் சிரிப்பாக இருக்காது. அறை சிரித்தது என்பதற்காக அந்த வரி அப்படியே தங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. குரல் பெரிதாக உள்ளவர் பக்கம் அறை சாயும். கத்திப் பேசும் ஆண்களுக்கு நடுவே தன் யோசனையைக் கேட்க வைக்க லூசில் காலன் பட்ட பாடு சிறியதல்ல. ஒரே மாதிரி வளர்ந்தவர்களை மட்டும் கொண்ட அறை, பத்துக் காது இருந்தாலும் ஒற்றைக் காதுதான். தி ஆபீஸ் தொடரின் அமெரிக்க வடிவத்துக்கு எழுத மிண்டி கேலிங் சேர்ந்தபோது அவருக்கு வயது 24, அந்த அறையில் இருந்த ஒரே பெண் அவர்தான். அது ஒன்றும் பழங்காலம் இல்லை, 2004, 2005 வாக்கில் நடந்தது.

ஒரே விதை, இரண்டு தோட்டம்

அதே தி ஆபீஸை வைத்தே பெரிய அறையையும் இருவர் எழுத்தையும் ஒப்பிடலாம். இதைவிட நேரடியான ஒப்பீடு கிடைப்பது அரிது.

பிபிசியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஸ்டீபன் மெர்ச்சன்ட், பயிற்சிக்காக ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டியிருந்தது. நண்பர் ரிக்கி ஜெர்வைஸை ஓர் அசட்டு மேலாளராக நடிக்க வைத்தார். அதிலிருந்து பிறந்த தொடர் 2001-ல் வந்தது. எழுதியதும் இயக்கியதும் இவர்கள் இருவர் மட்டுமே. ஆறு எபிசோடு, மறுபடி ஆறு, 2003 கிறிஸ்துமஸுக்குச் சிறப்பு நிகழ்ச்சி. அத்தோடு நிறுத்திவிட்டார்கள். டேவிட் பிரென்ட் என்ற அந்த மேலாளரின் சங்கடம் ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு பிடி இறுகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பார்க்கிறவர் கண்களை மூடிக்கொள்ளும் நிலைக்கு வரும். இருநூறு எபிசோடுக்கு அந்த இறுக்கத்தைத் தாங்க முடியாது. பன்னிரண்டு என்பதால்தான் தாங்குகிறது.

கிரெக் டேனியல்ஸ் அதை 2005-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். முதல் எபிசோடு கிட்டத்தட்ட பிரிட்டிஷ் வசனங்களின் நகல், அது எடுபடவில்லை. முதல் சீசனும் ஆறே எபிசோடுதான். இரண்டாவது சீசன் 22 எபிசோடாக விரிந்தபோதுதான் அறை உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது. மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைக் கொஞ்சம் இளக்கினார்கள். அவனுக்கும் ஏதோ ஒரு வேலை நன்றாகத் தெரியும், அவனுக்கும் அன்பு வேண்டும் என்று காட்டினார்கள். பின்வரிசை மேசைகளில் சும்மா உட்கார்ந்திருந்த கணக்காளர்களும் மற்ற ஊழியர்களும் ஆளுக்கொரு உலகமாக வளர்ந்தார்கள். எழுத்தாளர்களான பி. ஜே. நோவாக், மிண்டி கேலிங், பால் லீபர்ஸ்டீன் மூவரும் அதே அலுவலகத்து ஊழியர்களாக நடிக்கவும் செய்ததால் அறைக்கும் படப்பிடிப்புத் தளத்துக்கும் இடையே சுவரே இல்லாமல் போனது. 2013-ல் முடிந்தபோது 201 எபிசோடு.

இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. இரண்டையும் பலமுறை பார்த்தவன் நான், இரண்டுக்கும் நன்றியோடு இருக்கிறேன். முடிவெடுக்க வேண்டியவருக்கு இதில் உள்ள செய்தி இதுதான்: உங்கள் யோசனை ஒரு மனிதனின் ஒரே ஒரு நோவைப் பற்றியது என்றால் அறை அதை நீர்த்துப்போக வைக்கும். உங்கள் யோசனை ஓர் இடத்தையும் அதில் தினமும் கூடும் மனிதர்களையும் பற்றியது என்றால் இரண்டு பேரின் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சின்ன அறை

ஓடிடி நிறுவனங்கள் எட்டு, பத்து எபிசோடுகளாக சீசனைச் சுருக்கியபோது அறையும் சுருங்கியது. தொடர் எடுப்பதாக முடிவாகும் முன்பே மூன்று நான்கு பேரைச் சில வாரங்களுக்கு மட்டும் கூட்டி, ஸ்கிரிப்டுகளை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் பழக்கம் வந்தது. இதைத்தான் மினி ரூம் என்கிறார்கள். படப்பிடிப்பு தொடங்கும்போது எழுதியவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இது கச்சிதமாகத் தெரியும். எட்டு எபிசோடு முழுவதையும் ஒரே கதையாகப் பார்க்கலாம், வாராவாரம் ஓட வேண்டியதில்லை, விளம்பர இடைவேளைக்காகக் காட்சியை உடைக்க வேண்டியதில்லை. தரத்தில் சில அற்புதமான தொடர்கள் இப்படி வந்திருக்கின்றன. என் வருத்தம் புதிதாக வருகிறவரைப் பற்றியது. தான் எழுதிய வசனத்தை ஒரு நடிகர் வாயில் கேட்காமல், அது எங்கே தடுக்குகிறது என்று தளத்தில் நின்று பார்க்காமல், படத்தொகுப்பில் எது போனது என்று தெரியாமல் ஐந்து தொடர்களுக்கு எழுதிவிட முடியும் என்ற நிலை நகைச்சுவைக்குக் கேடு. ஷோரன்னராகப் போகிறவர் கற்க வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

2023-ல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். அதன் முடிவில் வந்த ஒப்பந்தத்தை, இந்த வழியைத் தேர்வு செய்ய நினைப்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தொடர் உறுதியாகும் முன் கூடும் அறையில் மூன்று எழுத்தாளர்கள் இருந்தால் குறைந்தது பத்து வார வேலை உறுதி. தொடர் உறுதியான பிறகு, ஆறு எபிசோடு வரை மூன்று பேர், ஏழு முதல் பன்னிரண்டு வரை ஐந்து பேர், பதின்மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஆறு பேர் என்று குறைந்தபட்ச எண்ணிக்கை வந்தது. படப்பிடிப்பின்போதும் எழுத்தாளர்களில் சிலர் வேலையில் தொடர வழி செய்தார்கள். எல்லா எபிசோடையும் ஒரே எழுத்தாளர் எழுதினால் இந்த எண்ணிக்கை விதி பொருந்தாது. தனியாக எழுதும் வழியை ஒப்பந்தமே மூடவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

பணத்தைப் பொறுத்தவரை பழைய உலகத்துக்கும் புதியதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் நூறு எபிசோடை நெருங்கினால் உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு விற்பனை நடக்கும், எழுதியவருக்கு ஒவ்வொரு மறுஒளிபரப்புக்கும் ஏதாவது வந்துகொண்டிருக்கும். இரண்டு வேலைகளுக்கு நடுவே வாடகை கொடுத்தது அந்தக் காசோலைதான். ஓடிடியில் ஒரு நிலையான தொகை; எத்தனை பேர் பார்த்தாலும் அது மாறாமல் இருந்தது. 2023 ஒப்பந்தம் இதில் ஒரு சின்ன ஓட்டை போட்டது. அமெரிக்கச் சந்தாதாரர்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ முதல் 90 நாட்களில் பார்த்த தொடருக்குக் கூடுதல் தொகை உண்டு. அந்த உயரத்தைத் தொடும் தொடர்கள் சிலவே.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் அதே ஒப்பந்தம் பேசியது. எந்திரம் எழுதியதற்கு எழுத்தாளர் என்ற பெயர் கிடையாது. அதைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரை நிர்ப்பந்திக்க முடியாது. எந்திரம் எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். இந்த நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் அந்த எந்திரம் பக்கத்தில் இருக்கத்தான் போகிறது. என் பார்வையில், எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஜோக்கை அது உடனே தருகிறது. நல்ல அறை செய்வது அதற்கு நேர் எதிர்: முதலில் தோன்றியதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வேலையையே தொடங்கும்.

கேமராவை நீங்களே பிடிப்பது

அபி ஜேகப்ஸனும் இலானா கிளேசரும் 2009-ல் பிராட் சிட்டியைச் சின்னச் சின்ன இணைய எபிசோடுகளாக எடுக்கத் தொடங்கினார்கள். 2014-ல் அது காமெடி சென்ட்ரல் சேனலில் தொடரானது. இஸா ரே 2011-ல் இணையத்தில் தொடங்கிய தொடர் அவரை 2016-ல் எச்பிஓவின் இன்செக்யூர் வரை கொண்டுபோனது. கின்டா பிரன்சன் இணையத்தில் சின்ன வீடியோக்களால் அறியப்பட்டவர். அவர் உருவாக்கிய அபட் எலிமென்டரி 2021 டிசம்பரில் ஏபிசியில் வந்தது. அதன் முதல் எபிசோடுக்காக 2022-ல் நகைச்சுவை எழுத்துக்கான எம்மி விருது பெற்றார்.

யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது இந்த வழியின் பெரிய பலம். உங்கள் முகம், உங்கள் தெரு, உங்கள் பேச்சு எதையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே கேட்கும் காது வினோதமானது. பிடிக்கவில்லை என்றால் அது சும்மா போய்விடும், ஏன் போனது என்று சொல்லாது. முதல் பத்து வினாடியில் ஆளைப் பிடிப்பதை இணையம் அருமையாகக் கற்றுத்தரும். இருபத்திரண்டாவது நிமிடத்தில் வெடிக்க வேண்டியதை மூன்றாவது நிமிடத்திலேயே விதைத்து வைப்பதை அது கற்றுத்தராது. அரை மணி நேரத்தைத் தாங்கும் கட்டுமானம் தனிக் கலை. பிரன்சனும் தொலைக்காட்சிக்கு வந்தபின் அறை வைத்துத்தான் எழுதினார், அபட் எலிமென்டரியின் இரண்டாவது சீசன் 22 எபிசோடு. கதவைத் திறக்க இணையம், வீட்டைக் கட்ட அறை என்று அவர் பாதை அமைந்தது.

தனியாக, அல்லது இருவராக

இங்கேதான் என் மனம் நிற்கிறது. தனியாக என்று நாம் நினைக்கும் பலர் உண்மையில் இருவர்.

பிரிட்டனின் ரே கால்டனும் ஆலன் சிம்சனும் 1940-களின் கடைசியில் காசநோய் மருத்துவமனையில் நோயாளிகளாகச் சந்தித்தார்கள். வெளியே வந்து ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவரையும் ஸ்டெப்டோ அண்ட் சன்னையும் எழுதினார்கள். எஸ் மினிஸ்டரை எழுதியவர்கள் ஆன்டனி ஜேயும் ஜோனதன் லின்னும். ஃபால்ட்டி டவர்ஸை ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதினார்கள்; 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. இடையே 1978-ல் அவர்களுக்கு விவாகரத்தே ஆகிவிட்டது. அதன் பிறகும் அந்த மேசையின் இரு பக்கமும் காலியாகவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 1951-ல் தொடங்கிய ஐ லவ் லூசியின் முதல் சீசனில் 35 எபிசோடு. அதையும் அடுத்த மூன்று சீசன்களையும் எழுதியவர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் என்ற மூவர். பியூவும் கேரலும் வானொலிக் காலத்திலிருந்தே ஜோடி. லூசி செய்யவேண்டிய உடல் சேட்டைகள் சாத்தியமா என்று பியூ தானே செய்து பார்ப்பார். பியூ செய்து பார்க்கும்போது எதிரே ஒருவர் சிரித்தால்தான் அது ஸ்கிரிப்டுக்குள் போகும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

ஃபோபி வாலர்-பிரிட்ஜின் ஃப்ளீபேக் தனி ஒருவரின் படைப்புக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது. 2016-லும் 2019-லும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு எபிசோடு, எல்லாம் அவர் எழுத்து. ஆனால் அது 2013-ல் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலைவிழாவில் தனிநபர் நாடகமாக மேடையேறிவிட்டது. அதை இயக்கியவர் அவருடைய நீண்டநாள் தோழி விக்கி ஜோன்ஸ். அதாவது தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன்பே ஒரு தோழியின் காதும் இருட்டில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களின் காதும் அதைச் சலித்துவிட்டன.

இரண்டு பேர் எழுத்தில் பெரிய அறையின் நன்மை பாதி கிடைக்கிறது, தீமை பெரும்பாலும் இல்லை. ஒருவர் குழாய் பதித்தால் மற்றவருக்கு உடனே தெரிந்துவிடும். குரல் கலையாது. யாரும் வேலைக்கு எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மினி ரூமுக்குப் போனாலும், இணையத்துக்கு எடுத்தாலும் அந்த ஜோடி கூடவே வரும். இழப்பு பணத்தில்தான்: சங்க விதிப்படி ஜோடியாக வேலைக்குச் சேர்ந்தால் ஒரே சம்பளத்தை இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் மட்டும், ஜோடியில் உள்ள ஒவ்வொருவரையும் தனி எழுத்தாளராகக் கருதிப் பணம் கட்ட வேண்டும் என்று 2023 ஒப்பந்தம் மாற்றியது. பாதிச் சம்பளத்தில் முதல் சில வருடங்கள் கடினமாகத்தான் இருக்கும், இதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்தவர் யாராவது கேட்டால் நான் சொல்வது இது. பெரிய அறையில் இடம் கிடைத்தால், அது உங்களுக்குப் பிடிக்காத தொடராக இருந்தாலும் போங்கள், இரண்டு சீசன் இருங்கள். அங்கே எழுத்தாளராக முடியாவிட்டால் எழுத்தாளர்களின் உதவியாளராக, பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்பவராக இருந்தாலும் சரி. அந்த இடங்கள் குறைந்துகொண்டிருப்பதால் அதற்காகவே காத்திருக்காதீர்கள். மினி ரூம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படப்பிடிப்பில் இருக்க அனுமதி உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். இவை எதுவும் கைகூடாத நாளிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உங்களைவிட வேறு மாதிரி வளர்ந்த, உங்கள் ஜோக்குக்கு மரியாதைக்காகச் சிரிக்காத ஒருவரைத் தேடிப் பிடித்து, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்.

நான் படித்துக் காட்டிய அந்தத் தோழியும் நானும் இப்போது சேர்ந்துதான் எழுதுகிறோம். யார் எதை எழுதினார்கள், பிரிந்தால் எது யாருக்கு என்று முதல் மாதமே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து போட்டுக்கொண்டோம், இதையும் தவறாமல் செய்யுங்கள். அமெரிக்கத் தொடர்களின் பெயர்ப் பட்டியலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘அண்ட்’ என்ற சொல் முழுதாக இருந்தால் இருவரும் தனித்தனியாக அந்த ஸ்கிரிப்டில் வேலை செய்தவர்கள். ‘&’ குறி இருந்தால் ஒரே மேசையில் சேர்ந்து எழுதியவர்கள். இப்போது எந்தத் தொடரைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்தக் குறியைத்தான்.